திறக்க மறுக்கும் பூட்டும் தலைக்கேறும் எரிச்சலும்: பூட்டுத் திறப்பு பழகுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாவி இல்லாமலும் பூட்டுக்குச் சேதம் இல்லாமலும் ஒரு கொக்கியையும் ஒரு டென்ஷன் கம்பியையும் வைத்துப் பூட்டைத் திறந்து பழகுவது பல நாடுகளில் மதிப்புள்ள பொழுதுபோக்கு. ஜெர்மனியில் 1997இலேயே இதற்கென்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். உங்களுக்குச் சொந்தமில்லாத பூட்டை அனுமதியின்றித் தொடக்கூடாது, பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடக்கூடாது: இந்த இரண்டு விதிகளையும் எல்லாச் சங்கங்களும் கண்டிப்பாக வைத்திருக்கின்றன. கீழே உள்ளவை, முதல் சில எளிய பூட்டுகளைத் திறந்துவிட்டு அடுத்த பூட்டில் மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் கேட்பவை.

சொற்களை முதலில் சொல்லிவிடுகிறோம். சாவி நுழைந்து சுழலும் உருளைதான் ப்ளக். உள்ளே வரிசையாக நிற்கும் பின்கள் ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. சாவியைத் தொடும் கீழ்த்துண்டு கீ பின். அதன் மேல் உட்கார்ந்து ஸ்பிரிங்கால் கீழே அழுத்தப்படுவது டிரைவர் பின். இரண்டும் சந்திக்கும் இடம், ப்ளக்கும் வெளிக்கூடும் சந்திக்கும் விளிம்புக்கு நேராக வந்தால் பூட்டு சுழலும். அந்த விளிம்புதான் ஷியர் லைன். பின்களைத் தூக்குவது கொக்கி, ப்ளக்கைச் சற்றே திருப்பிப் பிடிப்பது டென்ஷன் கம்பி, அந்தத் திருப்பு விசைதான் டென்ஷன். பின்கள் உட்காரும் துளைகள் ஒரே நேர்கோட்டில் அமையும்படி எந்தத் தொழிற்சாலையாலும் துல்லியமாகக் குடைய முடியாது. அதனால் ப்ளக்கைச் சற்றே திருப்பிப் பிடித்தால் எல்லாப் பின்களும் ஒன்றாக மாட்டாமல் ஒவ்வொன்றாக மாட்டுகின்றன. இந்தப் பொழுதுபோக்கு முழுவதும் அந்தச் சிறு பிசகை நம்பித்தான் இருக்கிறது.

நேற்று மூன்று முறை திறந்த பூட்டு இன்று ஒரு மணி நேரமாக அசையவில்லை. என்ன ஆயிற்று?

பூட்டு மாறவில்லை. பெரும்பாலும் மாறியிருப்பது டென்ஷன் கம்பியில் இருக்கும் உங்கள் விரல். எரிச்சல் வந்ததும் கை தானாக இறுகும். கை இறுகினால் ஒரு பின் மாட்ட வேண்டிய இடத்தில் மூன்று பின்கள் சேர்ந்து மாட்டும். மூன்றும் கல்லாக நிற்கும்போது எது முதலில் என்று தெரியாது. தெரியாததால் இன்னும் அழுத்துவீர்கள், அது இன்னும் இறுகும். கடினமான பூட்டில் சிக்கியவர்கள் பத்துப் பேரைப் பார்த்தால் பெரும்பாலோர் இந்தச் சுழலில்தான் இருப்பார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நேற்று அந்தப் பூட்டு ரேக்கால் (எல்லாப் பின்களையும் ஒரே இழுப்பில் உரசும் அலை வடிவக் கருவி) இழுத்துத் திறந்ததா? அப்படியானால் அது எப்படித் திறந்தது என்பது உங்களுக்குத் தெரியாது, அதனால் திரும்பச் செய்யவும் முடியாது. ஒவ்வொரு பின்னாகத் தூக்கப் பழகும் முதல் சில மாதங்கள் ரேக்கைப் பெட்டிக்குள் வைத்துவிடுவது நல்லது என்பதே எங்கள் கருத்து.

டென்ஷன் எவ்வளவு குறைவாக இருக்க வேண்டும்?

"லேசாகப் பிடி" என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு லேசு என்று யாரும் சொல்வதில்லை. வீட்டில் டிஜிட்டல் தராசு இருந்தால் அதன் தட்டில் ஆள்காட்டி விரல் நுனியை வைத்து, 30 கிராம் காட்டும்படி ஒரு நிமிடம் அசையாமல் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலோர் முதல் முயற்சியில் 150, 200 என்று அழுத்திவிடுவார்கள். அந்த 30 கிராம் உணர்வோடு கம்பியின் நுனியைத் தொட்டுத் தொடங்குங்கள். போதவில்லை என்றால் மெல்லக் கூட்டலாம். நகத்தின் கீழ் வெளுத்துப் போனால் அது கண்டிப்பாக அதிகம்.

கம்பியின் எந்த இடத்தில் விரல் இருக்கிறது என்பதும் முக்கியம். சாவித்துளைக்கு அருகில் அழுத்துவதற்கும் கம்பியின் கோடியில் அழுத்துவதற்கும் ப்ளக்கில் விழும் திருப்பு விசை பல மடங்கு வேறுபடும். ஒரே இடத்தைத் தேர்ந்து மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் இன்றைய விசையும் நாளைய விசையும் ஒன்றாக இருக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சில தொங்கு பூட்டுகளில் ப்ளக்கைப் பழைய நிலைக்குத் திரும்பத் தள்ளும் ஸ்பிரிங் இருக்கும். அவற்றில் அந்த ஸ்பிரிங்கை வெல்வதற்கே ஓரளவு விசை போய்விடும், அதனால் கொஞ்சம் கூடுதலாகத்தான் பிடிக்க வேண்டும்.

எதுவுமே புரியவில்லை. முதலில் எதைச் சரிபார்ப்பது?

சாவியைப் போட்டுப் பூட்டு சீராகச் சுழல்கிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதையும் அப்போதே கவனித்துக்கொள்ளுங்கள், தவறான திசையில் டென்ஷன் கொடுத்து மாலை முழுவதும் போராடுபவர்கள் நிறையப் பேர்.

அடுத்து டென்ஷன் இல்லாமல் கொக்கியைக் கடைசிவரை நுழைத்து, பின்களைத் தொட்டபடி மெல்ல வெளியே இழுத்து எண்ணுங்கள். ஐந்து பின் பூட்டில் நான்குதான் எண்ண முடிகிறது என்றால் கொக்கி பின்னால் உள்ள ஒன்றை எட்டவில்லை, அல்லது கம்பி முதல் பின்னை மறைக்கிறது. சாவித்துளையின் அடிப்பகுதியில் செருகும் தடித்த கம்பிக்குப் பதிலாக மேல்விளிம்பில் செருகும் தட்டைக் கம்பிக்கு மாறினால் கொக்கிக்குக் கீழே நிறைய இடம் கிடைக்கும். ஆனால் மேல்விளிம்புக் கம்பி முதல் பின்னில் உரசக்கூடாது. உரசினால் நுனியை அரத்தால் அரை மில்லிமீட்டர் தேய்த்துக் குறையுங்கள்.

கொக்கியின் தடிமனையும் பாருங்கள். 0.025 அங்குலம், அதாவது சுமார் 0.6 மி.மீ. தடிமன் உள்ளது அகலமான சாவித்துளைக்கு ஏற்றது. வளைந்து நெளிந்து செல்லும் ஐரோப்பியச் சாவித்துளைகளில் 0.015 முதல் 0.018 அங்குலம் வரை இருந்தால்தான் பக்கச்சுவரில் உரசாமல் போகும். உரசும் கொக்கி தரும் அதிர்வைப் பின் தரும் அதிர்வு என்று நினைத்து ஏமாறுவது மிகச் சாதாரணம்.

எந்தப் பின் மாட்டியிருக்கிறது, எது செட் ஆகிவிட்டது என்று எப்படி அறிவது?

தூக்குவதற்கு முன் ஒவ்வொரு பின்னையும் கொக்கி நுனியால் லேசாக ஆட்டிப் பாருங்கள். தள்ள வேண்டாம், தட்டிக் கேட்பது போலத் தொட்டால் போதும். நான்கு பதில்களில் ஒன்று வரும்.

துள்ளினால்: ஸ்பிரிங்கின் மெத்தென்ற எதிர்ப்பு மட்டும் தெரியும். இந்தப் பின்னின் முறை இன்னும் வரவில்லை, விட்டுவிடுங்கள்.

கல்லாக நின்றால்: அசைவே இல்லை. இதுதான் மாட்டியிருக்கும் பின், இதைத்தான் தூக்க வேண்டும்.

தளர்வாக ஆடினால்: கீ பின் மட்டும் கடகடவென்று சிறிதளவு ஆடும், மேலே ஸ்பிரிங் தெரியாது. டிரைவர் பின் ஷியர் லைனுக்கு மேலே உட்கார்ந்துவிட்டது. இது செட்.

உயர்ந்த நிலையில் கல்லாக நின்றால்: ஆட்டமும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை, பின்னும் வழக்கத்தைவிட மேலே இருக்கிறது. கீ பின்னே ஷியர் லைனைத் தாண்டி மாட்டிக்கொண்டது. இது ஓவர்செட்.

இந்த நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு வேறுபடுத்தத் தெரிந்தவர் பூட்டின் மேல் கோபப்படுவது வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது "திறக்கவில்லை" என்ற ஒற்றை விடை போய், "மூன்றாவது ஓவர்செட் ஆகிவிட்டது" என்ற செய்தி கையில் இருக்கும்.

ஓவர்செட் ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மீண்டும் தொடங்க வேண்டுமா?

தேவையில்லை. டென்ஷன் விரலை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்துங்கள். கீழே விழும் ஒவ்வொரு பின்னும் "டிக்" என்று ஒலிக்கும், அதை எண்ணுங்கள். ஒன்று விழுந்ததும் நிறுத்திவிட்டு எல்லாப் பின்களையும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். பெரும்பாலும் கடைசியாகத் தூக்கியதுதான் ஓவர்செட் ஆனது.

திரும்பத் திரும்ப ஒரே பின் ஓவர்செட் ஆகிறதென்றால் குற்றவாளி அநேகமாகக் கொக்கியின் தண்டு. பின்வரிசையில் ஒரு பின்னை உயரத் தூக்க வேண்டியிருந்து, அதற்கு முன்னால் தாழ்வாக நிற்க வேண்டிய பின் ஒன்று இருந்தால், நுனி பின்னாலிருப்பதைத் தூக்கும்போதே தண்டு முன்னாலிருப்பதையும் தூக்கிவிடும். சாவியைப் பார்த்தால் இந்த அமைப்பு தெரியும்: ஆழமான வெட்டுக்கு அந்தப் பக்கம் உயர்ந்த மேடு. உயரமான நுனி உள்ள கொக்கியை எடுத்து, தண்டைச் சாவித்துளையின் அடியோடு ஒட்டி வைத்து, மணிக்கட்டைச் சாய்க்காமல் நுனியை மட்டும் உயர்த்துங்கள்.

ப்ளக் திடீரென்று நன்றாகச் சுழன்று அப்படியே நின்றுவிட்டது. உள்ளே எல்லாம் செட் ஆனது போலவே இருக்கிறது. இது என்ன?

போலி செட். இது தோல்வி இல்லை, நல்ல செய்தி. உள்ளே ஸ்பூல் பின் இருக்கிறது. நூல்கண்டு போல நடுவில் மெலிந்த டிரைவர் பின் அது. மெலிந்த இடுப்பு ஷியர் லைனில் மாட்டியதும் ப்ளக் சில டிகிரி சுழல இடம் கிடைக்கிறது. மீதி எல்லாம் சரியாக இருந்தாலும் பூட்டு திறக்காது.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். ஐந்து பின் பூட்டு, 2ஆம், 4ஆம் இடங்களில் ஸ்பூல். 3, 1, 5 என்று வரிசையாகச் செட் ஆகின்றன. 2ஐயும் 4ஐயும் சற்றுத் தூக்கியதும் ப்ளக் சட்டென்று சுழன்று நிற்கிறது. இப்போது கொக்கியை 2இல் வைத்து மிக மெல்ல மேலே அழுத்துங்கள். டென்ஷன் விரலை ஏதோ எதிர்த்துத் தள்ளுவது தெரியும்: ஸ்பூலின் கீழ்விளிம்பு மேலே ஏற முயலும்போது ப்ளக்கைப் பின்னோக்கித் திருப்புகிறது. எதிர்த்துப் பிடிக்கத்தான் விரல் துடிக்கும். பிடிக்காதீர்கள். கொக்கியின் அழுத்தத்தை அப்படியே வைத்து, ப்ளக் எவ்வளவு பின்னே போக விரும்புகிறதோ அவ்வளவு போகும்படி விரலைத் தளர்த்துங்கள். "டிக்" என்று 2 ஏறிவிடும்.

அந்தத் தளர்வில் 1 விழுந்திருக்கலாம். ப்ளக்கும் பழைய இடத்துக்கே வந்தது போலத் தோன்றும். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். 2 இன்னும் செட் ஆகித்தான் இருக்கிறது. 1ஐ மட்டும் மீண்டும் தூக்குங்கள், ப்ளக் மறுபடி போலி செட்டுக்குச் சுழலும். இனி மீதி 4 மட்டும்.

ஆட்டிப் பார்ப்பதில் எல்லாமே செட் போலத் தெரிந்தால் ஒவ்வொன்றாக லேசாக அழுத்துங்கள். எந்தப் பின்னை அழுத்தும்போது ப்ளக் பின்னோக்கி அசைகிறதோ அதுதான் ஸ்பூல்.

ஒரே பின் நான்கைந்து முறை 'டிக்' என்கிறது. எதை நம்புவது?

அது செரேட்டட் பின். சுற்றிலும் வளையம் வளையமாகப் பள்ளம் வெட்டியது. ஒவ்வொரு பள்ளமும் ஷியர் லைனில் மாட்டும்போது செட் ஆனதைப் போலவே ஒலிக்கும். ஸ்பூலில் ப்ளக் கணிசமாகச் சுழலும், இதில் சுழற்சி மிகச் சொற்பம். இரண்டையும் பிரித்தறிய இதுவே வழி.

அமெரிக்கன் லாக் 1100 வரிசை அலுமினியத் தொங்கு பூட்டு இந்த இடத்தில் பலருடைய பொறுமையைச் சோதிப்பது. அதில் செரேட்டட் டிரைவர்களும் ஸ்பூல்களும் கலந்திருக்கும், கீ பின்களிலும் பள்ளம் வெட்டியிருக்கும். எனவே அளவுக்கு மேல் தூக்கினால் கீ பின்னின் பள்ளமும் மாட்டிக்கொண்டு "டிக்" என்றே சொல்லும்.

ஒலியை நம்பாமல் தொடுதலை நம்புங்கள். ஒரு "டிக்" வந்ததும் அந்தப் பின்னை விட்டுவிட்டு மற்றவற்றை ஆட்டிப் பாருங்கள். வேறு எதுவும் கல்லாக நிற்காவிட்டால் இதே பின்னுக்குத் திரும்பி இன்னும் ஒரு பள்ளம் மட்டும் ஏற்றுங்கள். ஒரு முறைக்கு ஒரு பள்ளம், அதற்கு மேல் கூடாது. எல்லாப் பின்களையும் சுற்றிச் சுற்றி வந்து சிறிது சிறிதாக ஏற்றுவதுதான் முறை, ஒன்றையே முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது இங்கே உதவாது.

இந்தப் பூட்டு என் நிலைக்கு மீறியது. வேறு வாங்குவதா, இதையே பழகுவதா?

இதையே பழகலாம், பின்களைக் குறைத்துக்கொண்டு. கடினமான பூட்டில் முன்னேற இதைவிட நல்ல வழி இல்லை என்று உறுதியாகச் சொல்வோம். வீட்டுக் கதவுகளில் பொருத்தும் யூரோ சிலிண்டரை ஹார்டுவேர் கடையில் புதிதாக வாங்கினால் இதற்குப் பொருந்தும்.

தேவையானவை: ப்ளக்கின் விட்டமே உள்ள ஓர் உருளைக்கோல் (பல பூட்டுகளில் 12.7 முதல் 13 மி.மீ. வரை வரும், அளந்து பாருங்கள், வழவழப்பான மரக்குச்சியும் போதும்), சிறு இடுக்கி, பின்களை வரிசையாக வைக்க ஒரு தட்டு, அடியில் விரிக்க வெள்ளைத் துண்டு. துண்டு விரிக்காமல் செய்தால் ஸ்பிரிங் தெறித்து ஓடிவிடும், தரையில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது.

ப்ளக்கின் கோடியில் உள்ள கிளிப்பைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டுச் சுமார் 15, 20 டிகிரி மட்டும் திருப்புங்கள். பாதிச் சுற்றுத் திருப்பினால் சாவித்துளையின் திறந்த அடிப்பக்கம் மேலே வந்து டிரைவர் பின்கள் அதற்குள் விழ வாய்ப்பு உண்டு. உருளைக்கோலை ப்ளக்கோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டிவைத்து, ப்ளக்கைச் சாவி நுழையும் பக்கமாக வெளியே தள்ளுங்கள். மயிரிழை இடைவெளி விட்டாலும் டிரைவர் பின் இடையில் பாய்ந்துவிடும். கீ பின்களை எடுத்து வரிசை மாறாமல் தட்டில் வையுங்கள். பிறகு கோலைச் சிறிது சிறிதாக இழுத்து டிரைவரையும் ஸ்பிரிங்கையும் ஒவ்வொரு அறையாக (பின் உட்காரும் துளைதான் அறை) எடுங்கள்.

இப்போது ஓர் அறையில் மட்டும் கீ பின், ஸ்பூல், ஸ்பிரிங் மூன்றையும் போட்டு மூடுங்கள். மற்ற அறைகள் முழுக்கக் காலியாக இருக்கட்டும். அந்த ஒற்றை ஸ்பூலை இருபது முறை திறந்து, ப்ளக் பின்னே வருவதை மட்டும் விரலால் உணருங்கள். இருபதும் சலிப்பாகிவிட்டால் இரண்டாவது பின்னைச் சேருங்கள், முதலில் சாதாரணப் பின், பிறகு ஸ்பூல். நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும் படிதான் மிகச் செங்குத்து, அங்கே ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

வீட்டில் கிடக்கும் பழைய திண்டுக்கல் பூட்டில் பழகலாமா?

உங்களுடையது, பயன்பாட்டில் இல்லாதது என்றால் தாராளமாகப் பழகலாம், ஆனால் தொடக்கத்துக்கு அல்ல. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும், கடைகளில் கிடைக்கும் பல பழைய பாணித் தொங்கு பூட்டுகளும் லீவர் பூட்டுகள். இவற்றில் பின் இல்லை. அடுக்கடுக்கான தகடுகளைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால் அவற்றில் உள்ள வாயில்கள் ஒன்றுசேர்ந்து, தாழ்ப்பாளில் உள்ள கட்டை அவற்றின் வழியே நுழையும். டென்ஷனை ப்ளக்குக்குக் கொடுக்க முடியாது, சாவித்துளை வழியாகத் தாழ்ப்பாளையே அழுத்த வேண்டும். பின் பூட்டுக் கொக்கி இதற்கு மெலிது, வளைந்துபோகும். அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் போராடிவிட்டு "எனக்குக் கை வரவில்லை" என்று முடிவுகட்டுவது நியாயமே இல்லை. கருவிதான் தவறு.

ஒரே உட்காரலில் எவ்வளவு நேரம் முயல்வது?

20 நிமிடம். அலாரம் வையுங்கள். அதற்குள் திறக்காவிட்டால் கையை உதறிவிட்டு எழுந்து, கண்டதை எழுதுங்கள்: "3 முதலில் மாட்டியது, 1 அடுத்தது, 4இல் ப்ளக் பின்னே வந்தது." மறுநாள் இந்த ஒரு வரியிலிருந்து தொடங்கலாம். டென்ஷன் விரலில் நடுக்கம் வந்துவிட்டால் 20 நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். மேசையில் சிறு வைஸ் பொருத்தி, தாடைகளில் தோல் துண்டு வைத்துப் பூட்டைப் பிடித்தால் கை சீக்கிரம் களைக்காது.

நாட்கணக்கில் ஒரே பூட்டு என்று வெட்கப்படுவோருக்கு ஒரு வரலாறு. லண்டனில் பிராமா நிறுவனம் தன் கடை ஜன்னலில் 18 தகடுகள் கொண்ட ஒரு பூட்டை வைத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்திருந்தது. பல பத்தாண்டுகள் யாராலும் முடியவில்லை. 1851இல் அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளி ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் அதைத் திறந்தார். அதே ஆண்டு சப் நிறுவனத்தின் புகழ்பெற்ற பூட்டை அரைமணி நேரத்துக்குள் திறந்தவர் அவர். பிராமாவின் பூட்டுக்கு அவருக்கு 16 நாட்களில் பரவலாக 51 மணி நேரம் தேவைப்பட்டது.

காணொளிகளில் அரை நிமிடத்தில் திறக்கிறார்களே?

அவர்களில் பலர் அந்தப் பூட்டின் பின் வரிசையை முன்பே அறிந்தவர்களாக இருக்கலாம். அதே பூட்டைப் பலமுறை திறந்து வரிசையை மனப்பாடம் செய்தபின் எடுத்த காட்சியாக இருக்கலாம். மேலும் ஒரே மாடலில் இரண்டு பூட்டுகள் ஒரே மாதிரி இருக்காது: சாவி வெட்டும் வேறு, துளைப் பிசகும் வேறு. உங்கள் கையில் உள்ளது அவர்களுடையதைவிடக் கடினமான துண்டாகவே இருக்கலாம்.

கருவிகளைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றலாமா?

வீட்டிலேயே வைத்திருங்கள். பிரிட்டனில் திருட்டு நோக்கத்தோடு இத்தகைய கருவிகளை வெளியே கொண்டுசெல்வது 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டப்படி குற்றம். ஜப்பானில் 2003இல் வந்த சட்டம் சரியான காரணமின்றி இவற்றை வைத்திருப்பதையே தடை செய்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது சாவி போட்டாலும் திருப்ப முடியவில்லை. பூட்டைக் கெடுத்துவிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. ஒரு பின்னை மிக உயரத் தூக்கியதில் ஸ்பிரிங் நசுங்கியிருக்கலாம், அல்லது ஏதோ ஒரு பின் மேலேயே மாட்டியிருக்கலாம். பூட்டைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்து மரக்கட்டையில் இரண்டு முறை தட்டி, டென்ஷன் இல்லாமல் கொக்கியால் எல்லாப் பின்களையும் ஒருமுறை வருடுங்கள். மாட்டியது விழுந்துவிடும். கொக்கியில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தால் அது உரசலில் வந்த பித்தளைத் தூள்: ஸ்பிரேயர் காற்றால் ஊதி வெளியேற்றி, பூட்டுக்கான உலர் மசகை ஒரு துளி மட்டும் விடுங்கள். தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட்டால் தூளோடு சேர்ந்து பிசுபிசுத்து, பின்கள் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அதன் பிறகு எந்த "டிக்"கும் காதில் விழாது. ஸ்பிரிங் உண்மையிலேயே நசுங்கியிருந்தால் மேலே சொன்னபடி ப்ளக்கைக் கழற்றி அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே விட்டமுள்ள ஸ்பிரிங்கை உடைந்த வேறொரு சிலிண்டரிலிருந்து எடுத்துப் போட்டால் வேலை செய்யும்.